இலை செருகாத துப்பாக்கி

அன்பு மகனுக்கு,

இந்தத் தாளைப் பார்த்ததும் கோழி நடந்த சேறு என்று நினைத்து மூடி வைத்துவிடாதே. இது உன் அப்பன் எழுத்துதான். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது, சில கீழே தொங்குகிறது. மண்வெட்டி பிடித்த விரல் பேனாவையும் மண்வெட்டியைப் போலவே பிடிக்கிறது. இறுக்கிப் பிடித்ததில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துபோனது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. நீ படிக்க அவ்வளவு நேரம் ஆகாது என்றாலும் மெதுவாகவே படி. நான் மெதுவாகத்தான் எழுதினேன்.

நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். ஒன்பது பொம்பளைகள், ஆம்பளை நான் ஒருவன்தான். முதல் மாதம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை, ஏனென்றால் நான் முந்திக்கொண்டேன். போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் பஸ்ஸின் பலகையை நானே படித்தேன். கச்சிராப்பாளையம் என்பது எவ்வளவு நீளமான பேர்! படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டேன். கண்டக்டர், “இன்னா பெருசு, முன்னாடியே ஏறுறதுக்கு இன்னா?” என்றான். “படிச்சிக்கினு இருந்தேன்” என்றேன். எழுபது வயசில் இப்படி ஒரு பதிலைச் சொல்லக் கிடைத்ததே என்று அணைக்கட்டு வரும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். பலகை, சுவர், சோப்புக் காகிதம், எதையும் விடுவதில்லை. இத்தனை காலமும் ஊர் முழுக்க என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் செவிடனாக இருந்திருக்கிறேன்.

சந்தோஷம் இவ்வளவுதான். இனி எழுதப் போவது கசப்பு. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணமும் அந்தக் கசப்புதான். இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுதி வாங்க முடியாது. போனில் சொல்லவும் முடியாது. நம் வீட்டில் போன் என்றால் ஊர்க் கிணறு மாதிரி, அம்மா ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாள். பக்கத்தில் உன் சடையன் மாமா உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது என்று இருபத்திரண்டு வருஷம் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு இல்லை, அதற்கு முந்திய ஞாயிறு காலையில் நீ முகம் காட்டிப் பேசினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். மாமா வழக்கம்போலக் காலை டீக்கு வந்திருந்தார். தங்கச்சி கையால் டீ குடிக்காமல் அவருக்கு ஆடு ஓட்டப் போக முடியாது. உனக்கு அங்கே டெக்சஸில் சனிக்கிழமை ராத்திரி. ஆபீஸ் சினேகிதனோடு துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாய். பிறகு ஒரு போட்டோ காட்டினாய். கண்ணாடி மேசை மேல் இரண்டு கைத்துப்பாக்கி.

“இன்னாடா அது, பாப்பா வெளயாடுற சாமானா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா, ரிவால்வர். கடையில எடுத்த போட்டோ. இன்னும் வாங்கல. எங்க தெருவுல ரெண்டு வீட்ல திருடு போச்சு. அப்பாவுக்குத்தான் துப்பாக்கி தெரியும், அதான் ரெண்டுல எத வாங்கலாம்னு கேக்கலாம்னு.”

நீ பிறந்து முப்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் யோசனை கேட்டது இது முதல் தடவை. காலேஜில் என்ன படிக்கலாம் என்று கேட்டதில்லை. எந்த ஊர் வேலைக்குப் போகலாம் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் எனக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டு இருந்துவிட்டேன். கேட்டே விட்டாய் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த நொடியே நீ எதைக் கேட்கிறாய் என்பது புரிந்தது.

மாமா தன் மொட்டைக் கையைத் தூக்கிப் போனுக்கு முன்னால் ஆட்டினார். “மருமவனே, ரெண்டையும் வாங்குடா. ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு அனுப்பு. பன்னித் தொல்ல தாங்கல.”

“வாய மூடுண்ணே” என்றாள் அம்மா. “குடிச்சிட்டு கைய வெடிச்சிக்கினவன் பேசுற பேச்சப் பாரு.”

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “அதாம்மா, நான் குடிக்கிறதே இல்லையே. மாமா மாதிரி ஆவாது.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நீ அதைப் பார்த்திருக்க முடியாது, போன் அம்மா பக்கம் இருந்தது. நான் பார்த்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனது அதனால்தான்.

முதலில் நீ கேட்ட கேள்வியை முடித்துவிடுகிறேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் என் கதையைச் சொல்வது முறை இல்லை. இரண்டு துப்பாக்கியில் ஒன்று சின்னது, வெள்ளி நிறம், குழல் என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. எடை அரைக்கிலோகூட வராது, இடுப்பில் வைத்தால் சட்டைக்கு வெளியே தெரியாது என்றாய். இன்னொன்று இரும்பு, குழல் இன்னும் ஒரு விரல்கடை நீளம், முக்கால் கிலோவுக்கு மேல். இரண்டிலும் ஐந்து குண்டு. இரண்டும் மேக்னமாம், மற்றக் குண்டை விட மருந்து வேகம் அதிகமாம். இடுப்பில் வைக்கவும் வேண்டும், சனிக்கிழமை போய்ச் சுட்டுப் பழகவும் வேண்டும், ஒன்றே போதும் என்று பார்க்கிறாய். உழவுக்கும் பால் கறக்கவும் ஒரே மாடு தேடுகிற மாதிரி இருக்கிறது நீ சொல்வது. மேக்னம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெடி என்றால் என்ன என்று தெரியும். வெடித்தால் ஒரு உதை உண்டு, அந்த உதையை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் நாட்டுத் துப்பாக்கி என் நெஞ்சு உயரம் இருக்கும், கனமாக இருக்கும், பாதி உதையை அதுவே வாங்கிக்கொண்டு மீதியைத் தோளுக்குக் கொடுக்கும். எடை இல்லாத துப்பாக்கி எதையும் வாங்காது. அவ்வளவையும் உன் மணிக்கட்டுக்குத் தள்ளிவிடும். குழல் குட்டை என்றால் மருந்து உள்ளே எரிந்து தீர்வதற்குள் குண்டு போய்விடும், மிச்ச மருந்து உன் கண்ணுக்கு முன்னால் எரியும். கண் கூசும், காது அடைக்கும். முதல் சனிக்கிழமை ஐந்து குண்டு சுடுவாய். இரண்டாவது சனிக்கிழமை கை வலிக்கிறது என்று மூன்று சுடுவாய். பிறகு வேலை இருக்கிறது என்று போகமாட்டாய். இடுப்பில் மட்டும் இருக்கும். பழகாத துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பவனை விட வெறுங்கையோடு போகிறவன் பிழைப்பான்.

பழகுவதற்கு அதிலேயே மெதுவான குண்டும் போடலாம், இடுப்புக்கு மட்டும் மேக்னம் என்றாயே, அதுவும் சரியாக வராது. கை எதற்குப் பழகியதோ அதைத்தான் எதிர்பார்க்கும். சமயத்தில் வேறொன்று உதைத்தால் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று உனக்கே தெரியாது. எதைச் சுமக்கிறாயோ அதில் கொஞ்சமாவது சுட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து குண்டுக்கு மேல் கை தாங்கவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி உனக்கு இல்லை என்று அர்த்தம். ஆகவே நீ வாங்கித்தான் தீருவாய் என்றால் பெரியதை வாங்கு. பிடியில் சுண்டுவிரலும் உட்காருகிறதா பார். பின்னால் நீட்டிக்கொண்டு குண்டைத் தட்டுகிற அந்தச் சுத்தியல் சட்டையில் மாட்டுமா பார். கனத்தைச் சுமந்து சுமந்து ஒரு மாதத்தில் உனக்குச் சலிப்பு வரும். வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுவாய். எனக்கு வேண்டியது அந்தச் சலிப்புதான். பெரியதை வாங்கச் சொல்வதற்கு உண்மையான காரணமும் அதுதான்.

பதில் முடிந்தது. இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன்.

அப்போது நீ கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். நானும் மாமாவும் மலையடிவாரத்தில் ஒருத்தர் மக்காச்சோளக் காட்டுக்குப் பன்றிக் காவல் இருந்தோம். பகலில் நான், பொழுது சாய்ந்தால் மாமா. துப்பாக்கி மாமாவுடையது, அவர் அப்பா வெள்ளிமலைப் பக்கம் இருந்து கீழே இறங்கும்போது கொண்டுவந்தது. லைசென்ஸ் கிடையாது. அப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. நாட்டுத் துப்பாக்கிக்கு எல்லாம் வாய் வழிதான். மருந்தைப் போட்டு, நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நார் அடைத்து, கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்த துப்பாக்கியும் காலித் துப்பாக்கியும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கெட்டித்தவன் எவனோ அவனே துப்பாக்கி வாயில் ஒரு பச்சை இலையைச் செருக வேண்டும். இலை இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. இலை இல்லை என்றால் காலி. இருட்டில்கூட விரல் வைத்தால் தெரிந்துவிடும். அந்த இலையை நம்பித்தான் ஒரே துப்பாக்கியை இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கினோம்.

அன்றைக்கு மத்தியானம் தாண்டி நான் கெட்டித்தேன். புங்க இலை ஒன்றைப் பறித்துச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் சோளத்தட்டு முறிகிற சத்தம் கேட்டது. பகலிலேயே பன்றி இறங்கியிருந்தது. இலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு வைத்து, குறி பார்த்தேன். அது திரும்பி ஒரே பாய்ச்சலில் ஓடை இறங்கிப் போய்விட்டது. அதே நேரம் கிணற்றுப் பக்கமிருந்து நிலக்காரர் கத்தினார்: “யோவ், மோட்டாரு பொகையுது, ஓடியா!” கேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் குடிசைக்குள் சாத்திவிட்டு ஓடினேன். இலை? திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததாகத்தான் ஞாபகம். ஒருவேளை நினைக்கவே இல்லையோ என்னவோ, இத்தனை வருஷத்தில் எனக்குச் சாதகமாக அதை மாற்றிக்கொண்டிருப்பேன். மோட்டார் வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. கை முழுக்க எண்ணெய். அப்படியே வாய்க்காலில் கழுவிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வரப்பில் மாமா எதிரே வந்தார். வாயில் சாராய வாசனை இருந்தது. ஒரு கிளாஸ், அதற்கு மேல் இருக்காது. தள்ளாடவில்லை. “இன்னா மாப்ள, பன்னி வந்துச்சா?” என்றார். “வந்துச்சு, போயிட்ச்சு” என்றேன். நாங்கள் பேசியது அவ்வளவுதான். துப்பாக்கியில் மருந்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசி. வீட்டுக்குப் போகிற அவசரம். சொல்லவில்லை.

நான் சோற்றில் கை வைக்கும்போது சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் மாதிரி இல்லை. பாறை பிளந்த மாதிரி இருந்தது. நான் கெட்டித்ததற்கு மேலேயே மாமாவும் கெட்டித்துச் சுட்டிருக்கிறார், குழல் வெடித்து அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கட்டில் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “வாயில எல இல்ல மாப்ள. நான் வெரல வச்சுப் பாத்தேன். எல இல்ல.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசனையைப் பிடித்துவிட்டார். “குடிச்சிருக்கான். கெட்டிச்சத மறந்துட்டு மறுபடி கெட்டிச்சிருக்கான், அப்படித்தானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். போலீஸ் வந்து அதையே கேட்டது. அதற்கும் தலையை ஆட்டினேன். எழுதிய தாளை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. படித்துக் காட்டித்தான் வாங்கினார்கள். மூன்றாம் நாள் மாமாவுக்கு நினைவு தெளிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அதற்குள் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லிக் கெட்டியாக்கி வைத்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நான் ரெண்டு தரம் கெட்டிச்சிட்டனா மாப்ள? எனக்கு ஒரு தரந்தான் நெனப்பு கீது.”

“போதையில இன்னா தெரியும் மச்சான். வுடு” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவருடைய ஞாபகத்தையே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன். கை போனதற்கு என் மறதி காரணம். இதற்கு மறதியைச் சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்து, தெளிவாக யோசித்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கேஸில் நானும் உள்ளே போக வேண்டும், உன் படிப்பு நின்றுவிடும் என்று யோசித்தேன். உன்னைச் சொல்லி என்னை நானே நியாயப்படுத்திக்கொள்ளக் கூடாது, நீ இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மாமா சில மாதம் ஜெயிலில் இருந்தார். வந்து பார்த்தால் செல்வி அத்தை கைக்குழந்தையோடு நைனார்பாளையத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளைக் கூப்பிட நானும் ஒரு தடவை போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் சொன்னாள்: “ஜெயிலுக்குப் போனாருன்னு நான் வரலண்ணே. கை இல்லன்னும் இல்ல. குடிச்சிட்டு ரெண்டு தரம் கெட்டிச்சது தெரியாத மனுசன், நாளைக்கு இந்தப் புள்ளைய எங்க வச்சோம்னு தெரியாம பூடுவாரு. நான் எத்தினி நாளு முழிச்சிக்கினு குந்தி இருக்கிறது?” அவள் பேசியதில் தப்பே இல்லை. கேட்ட செய்திதான் பொய். பொய் சொன்ன நான் அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மாமா ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து இன்றுவரை சாராயத்தைத் தொட்டதில்லை. அதை இன்னும் யாரும் நம்பவில்லை. உன் அம்மா, கூடப் பிறந்தவள், அவளே நம்பவில்லை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து கல்யாணமாகிப் போனாள். பத்திரிகை வந்தது, தபாலில்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அது உன்னைப் பற்றியது. அந்தச் சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாமாவின் கட்டுப் போட்ட கையைக் காட்டி, “பாத்துக்க. குடிச்சா இதான்” என்றேன். நீ அழுதாய். என் கையில் அடித்து, என்றைக்கும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். நான் உனக்குச் சொன்ன எத்தனையோ புத்திமதியில் நீ விடாமல் காப்பாற்றியது அது ஒன்றுதான். ஊர் பூராவும் உன்னைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பொய்யைப் படியாகப் போட்டு ஏறி நின்றுதான் இன்றைக்கு நீ துப்பாக்கிக் கடையில் நிற்கிறாய். குடிக்காதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மாமாவின் கையை எடுத்தவன் குடிக்காதவன், மகனே. ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், பட்டப்பகலில், நல்ல நிதானத்தில் இருந்தவன். குடித்திருந்தவர் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கெட்டித்தார்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ரிவால்வரில் உருளையைத் திறந்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு நேராகத் தெரியும், அது உங்கள் ஓட்டைத் துப்பாக்கி மாதிரி இல்லை என்பாய். எங்கள் துப்பாக்கியிலும் தெரியும். கெட்டிக்கிற கம்பியை உள்ளே விட்டால் போதும். காலி என்றால் அடி வரை இறங்கும், மருந்து இருந்தால் நாலு விரல் மேலே நிற்கும். கம்பி துப்பாக்கியின் கூடவேதான் இருந்தது. மாமா விட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் இலை இல்லை. இலை இல்லை என்றால் காலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் பகலில் இருந்தவன் நான். என்னை நம்பினார். உன் வீட்டிலும் அப்படித்தான் ஆகும். நீ எடுத்துவிட்டிருப்பாய் என்று மருமகள் நினைப்பாள். நான்தான் எடுத்துவிட்டேனே என்று நீயே நினைப்பாய். பாப்பாவுக்கு நாலு வயசு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி மிக்சர் டப்பாவை எடுத்ததை நீதான் சிரித்துக்கொண்டே எங்களுக்குக் காட்டினாய்.

வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என் சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்றும் தெரியவில்லை. ஆனால் வாங்கினால் இதைச் செய். கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் திறந்து பார், இப்போதுதான் பார்த்தேன் என்றாலும் பார். வீட்டுக்குள் வந்ததும் குண்டைத் தனியாக எடுத்துத் துப்பாக்கியையும் குண்டையும் வெவ்வேறு இடத்தில் பூட்டு. அது எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று மருமகளிடம் வாயால் சொல். சொல்வதற்கு வெட்கப்படாதே. வரப்பில் ஒரு ஆள் எதிரே வந்தபோது நான் சொல்லாமல் போன மாதிரி போகாதே.

இதுவரை எழுதப் பத்து நாள் ஆனது. எழுதி முடித்த மறுநாள் காலையில் மாமா டீ குடித்துவிட்டு ஆடு ஓட்டிப் போனார். பின்னாலேயே போனேன். கோமுகி வாய்க்கால் ஓரம் வேலங்காட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மாப்ள, பள்ளிக்கூடம் போற புள்ள காட்டுக்கு வந்துக்கினு” என்று கிண்டல் செய்தார். “சிலேட்டு ஒடஞ்சிப்போச்சா?”

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். கெட்டித்தது, இலையைப் பிடுங்கியது, மோட்டார், வரப்பு, ஆஸ்பத்திரி, எல்லாம். ஒரு ஆடு கரை இறங்கிப் போனது, அவர் அதைக் கூப்பிடவில்லை. முடித்த பிறகு கேட்டார்.

“அப்ப நான் ஒரு தரந்தான் கெட்டிச்சனா?”

“ஆமா மச்சான்.”

“ஒரு தரந்தான்?”

“ஒரு தரந்தான்.”

“எல இல்லன்னு வெரல வச்சுப் பாத்தேன். அது நெசமா?”

“நெசம்.”

திட்டுவார், கல்லெடுத்து அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் மொட்டைக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே பேசினார். “கை பூட்டுது, அது கெடக்கட்டும் மாப்ள. நீ வேணும்னேவா பண்ண? ஆனா ரெண்டு தரம் கெட்டிச்சத எப்பிடி மறந்தேன், எப்பிடி மறந்தேன்னு தெனம் ரோசன பண்ணி பண்ணி, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சின்னு நானே முடிவு பண்ணிக்கினேன்டா. அதான் எம்பொண்ணு கல்யாணத்துக்குக்கூட போவல. அங்க போயி இன்னாத்தயாவது மறந்துடுவனோன்னு. இத நீ மொத நாளே சொல்லியிருந்தா நான் உன்ன ரெண்டு மாசம் திட்டியிருப்பேன். அப்பறம் வுட்டிருப்பேன்.” பிறகு எழுந்து நின்று சொன்னார்: “என் மூஞ்சில முழிக்காத. போ.”

இரண்டு நாள் டீக்கு வரவில்லை. முதல் நாளே அம்மா கேட்டாள், அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. “எங்கண்ணன இத்தினி வருசம் என் வாயாலயே திட்ட வச்சிட்டியே” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சோறு போடுகிறாள், வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். போனில் உன்னிடம் நன்றாகப் பேசுவாள், நம்பாதே.

மூன்றாம் நாள் மாமா வந்தார். டீ வேண்டாம் என்றார். வாசலில் நின்றுகொண்டே, “நீ எழுதுறியாமே. இத ஒரு தாள்ல எழுது. நைனார்பாளையத்துக்கு வந்து அவ எதுர படி. நீயே படிக்கணும், டீச்சரு கீச்சரு வோணாம்” என்றார். அன்றைக்கே எழுதினேன். ஒரு பக்கம்தான். தினமும் வாய்க்கால் ஓரம் அவர் முன்னால் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படிக்கிறேன். என்னைப் பார்ப்பதில்லை, ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். நடுவில் நான் எழுத்துக் கூட்டித் தடுக்கினால், “மறுக்கா மொதல்லேர்ந்து படி” என்கிறார். “நீ தடுக்கினா பொய் சொல்றன்னு நெனப்பா.” அது உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடுக்கல் இல்லாமல் பொய் சொன்ன வாய், நிஜத்தைப் படிக்கும்போதுதான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிற்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், சின்னசேலத்தில் ஒரு பஸ். ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். செல்வி அத்தை உட்காரச் சொல்வாளா, பாதியில் போதும் என்பாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா என்று தெரியாது. அவள் சொன்னது எதுவானாலும் ஒரு வார்த்தை விடாமல் அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன். என்னைத் திட்டினால் அந்தத் திட்டையும் எழுதுவேன். இந்தத் தாள்களை டீச்சர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்தால் படிக்கட்டும், நீ மருமகளுக்கும் படித்துக் காட்டு. அந்த அடுத்த கடிதம் வந்து சேரும் வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் போகாமல் இரு, ராசா.

உன் அப்பா